சுக்கானில் கை படவில்லை

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்க. கிளப்பிலிருந்து ஆள் வரும் என்று போன வாரமே சொல்லி அனுப்பியிருந்தார்கள். நூற்றாண்டு மலர் போடுகிறீர்களாம். நல்லது. பழைய ஆட்களில் இந்தத் தூத்துக்குடியில் நான் ஒருத்தன்தான் மிச்சம். லேயோன் மச்சாது என்று கேட்டால் துறைமுகத்தில் ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரியும். இப்போது போஸ்ட்மேனுக்கே தெரியவில்லை. அதை விடுங்க.

கையில் என்ன அது, சிவப்பு அட்டை? விதிப் புத்தகமா! எங்கே கிடைத்தது? பில்லியர்ட்ஸ் ரூம் அலமாரியிலா? கொடுங்க பார்ப்போம். ஆமாம், இதேதான். அட்டையில் நங்கூரமும் கிரீடமும். உள்ளே கறையான் தொட்டிருக்கிறது, ஆனாலும் எழுத்தெல்லாம் அப்படியே இருக்கிறது.

இதை முழுசாகவா போடப் போகிறீர்கள்? தமிழிலுமா?

எதற்குத் தம்பி முழுசா? யார் படிக்கப் போகிறார்கள்? முதல் பக்கம் போதுமே. நங்கூரம், கிரீடம், பார்க்க அழகாக இருக்கும். சரி, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். புத்தகம் என் மடியில் இருக்கட்டும். பேசி முடித்ததும் தருகிறேன்.

முதலில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்க. மற்றதை எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, இந்த ஒரு வரி மலரில் வர வேண்டும். 'கயித்தான் மச்சாது சுக்கானைத் தொடவில்லை.' அவ்வளவுதான். கயித்தான் என் தம்பி. உங்கள் கிளப்பின் பழைய நடவடிக்கை நோட்டில் வேறு மாதிரி எழுதியிருக்கும். கூலியாள் சுக்கானைப் பிடுங்கிப் படகைப் பாறையில் ஏற்றிவிட்டான் என்று இருக்கும். அது படகுச் சொந்தக்காரர் காட்ரைட்டு துரை சொன்னது. அவர் சொன்னதை மையில் எழுதினார்கள். நான் சொன்னதைக் கேட்டதோடு சரி. ஐம்பத்து மூன்று வருஷமாக என் தம்பி பேர் அந்த நோட்டில் அப்படிக் கிடக்கிறது. நான் பார்த்தேன் தம்பி. நான் பார்த்ததைத்தான் சொல்லுவேன்.

எனக்குச் சம்பளமே பார்ப்பதற்குத்தான். கொடிக்காரன் என்று பேர். இப்போது நீங்கள் கார் நிறுத்துகிற இடம் இருக்கிறதே, அங்கே மரத்தால் ஒரு கொடிமேடை. இருபத்திரண்டு படி. மேலே கொடிக்கம்பம், ஒரு சின்னப் பித்தளைப் பீரங்கி, ஒரு தூரக்கண்ணாடி. சனிக்கிழமை சாயங்காலம் துரைமார் பாய்ப்படகுப் பந்தயம் விடுவார்கள். நான் கொடி ஏற்றி, பீரங்கி சுட்டு, கடைசிப் படகு கோடு தாண்டுகிற வரை கண்ணாடியில் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். எந்தப் படகு முதலில் வந்தது, எது மிதவையை இடித்தது, யார் விதியை மீறினார்கள், எல்லாம். இறங்கி வந்து செக்ரட்டரி பெல்லாமி துரையிடம் சொல்ல வேண்டும். அவர் ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்விதான் கேட்பார். 'லேயோன், சொல்ல ஏதாவது உண்டா?' நான் விறைப்பாக நின்று, 'ஒன்றும் இல்லை சார்' என்பேன். அதற்குப் பிறகுதான் கோப்பை கொடுப்பார்கள். என் வாயிலிருந்து அந்தச் சொல் வராமல் கோப்பை நகராது. யோசித்துப் பாருங்க. ஒரு பரதவன் பேச்சுக்குத் துரைமார் கோப்பையும் கையுமாகக் காத்திருக்கிறார்கள்.

கிளப் சரித்திரம் வேண்டும் என்றீர்களே. பெல்லாமி துரை சொல்லுவார், அவர்கள் தேசத்துக்குத் தெற்கே ஒரு தீவாம். அந்தக் கரையில் ஒரு கோட்டையாம், வாசலில் வரிசையாகப் பித்தளைப் பீரங்கியாம். அதுவே ஒரு கிளப்தானாம். ராஜாவே அங்கே மெம்பராம். அந்தக் கிளப்பைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து இன்னொன்று என்று கப்பல் போன இடமெல்லாம் முளைத்து, கடைசியில் நம் உப்பளத்துக்குப் பக்கத்திலும் ஒன்று முளைத்தது. அங்கே என்ன சட்டமோ இங்கேயும் அதே சட்டம். வாசிப்பு அறையில் யாரும் பேசக்கூடாது. செய்தித்தாள் கப்பலில் ஒரு மாதப் பழசாகத்தான் வரும், அதையும் இஸ்திரி போட்டுத்தான் மேஜையில் வைக்க வேண்டும். புதிதாக ஒருத்தர் மெம்பராக வேண்டும் என்றால் ஒரு மரப்பெட்டி சுற்றி வரும். கை நுழைகிற அளவுக்குத் துவாரம். உள்ளே வெள்ளைக் குண்டு போடலாம், கறுப்புக் குண்டு போடலாம். யார் என்ன போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு கறுப்புக் குண்டு விழுந்தால் போதும், ஆள் வாசலோடு சரி. வெள்ளைக்காரனுக்கே இந்தக் கதி. நாங்களெல்லாம் பின்வாசல். பின்வாசலுக்கும் சட்டம் இருந்தது, செருப்பு அவிழ்க்க வேண்டும், துரை பேசினால் ஒழிய நாம் பேசக்கூடாது. எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லை, பிடித்திருந்தது.

கயித்தானை அங்கே சேர்த்துவிட்டது நான்தான். என்னைவிட ஐந்து வயது இளையவன். அப்பாவோடு வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயதிலேயே சுக்கான் பிடித்தவன். இருட்டில் விட்டால் தண்ணீரை முகர்ந்து கரைக்கு வந்துவிடுவான். மெட்டில்டாவைக் கட்டிய புதிது. 'கடல்ல என்னல இருக்கு, கிளப்புக்கு வா, மாசச் சம்பளம், வெள்ளை உடுப்பு' என்று நான்தான் கூட்டிப் போனேன். பஞ்சாலை மேனேஜர் காட்ரைட்டு துரையின் படகில் கூலியாளாகச் சேர்ந்தான். படகு பேர் எமிலி. துரைசாணி பேரும் எமிலி. முதல் வாரமே கயித்தான் கிளப் சமையல்கட்டில் நின்று சொல்கிறான், "அண்ணே, வீட்டுல ஒரு எமிலி, தண்ணியில ஒரு எமிலி. ரெண்டுமே இவரு சொன்ன பக்கம் திரும்பாது." பட்லர் தட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துரை காதில் விழுந்தால்?

அவனுக்கு முதல் நாளே விதியைச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு அது இங்கிலீஷிலேயே மனப்பாடம். பெல்லாமிக்கு முந்தின செக்ரட்டரி இந்தப் புத்தகத்தை விரித்து, ஏழாம் பக்கத்தைக் காட்டி, வரி வரியாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். கூலியாள் பாயை ஏற்றலாம், இறக்கலாம். படகில் ஏறும் தண்ணீரை இறைக்கலாம். காற்று சாய்த்தால் பாரத்துக்கு விளிம்பில் தொங்கலாம். சுக்கான் பிடியை மட்டும் தொடக்கூடாது. தொட்டால் அந்தப் படகு பந்தயத்தில் இல்லை. பெல்லாமி துரை இதற்கு அர்த்தம் சொல்லுவார், 'காசு வாங்கி ஓட்டுகிறவன் ஜெயித்தால் அது வேலை, லேயோன். காசு வாங்காமல் ஓட்டுகிறவன் ஜெயித்தால்தான் விளையாட்டு.' எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார் பாருங்க.

கயித்தான் கேட்டுவிட்டு, "ஓட்டத் தெரிஞ்சவன் தொடக்கூடாது, தெரியாதவன் தொடலாம். நல்ல சட்டம்ணே" என்றான்.

"ஏல, வாயைப் பொத்து."

"பொத்துதேன். கையையுமா பொத்தணும்? பழகின கையாச்சேண்ணே."

பழகின கை. அதுதான் வினை.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், டிசம்பர் மாதம். வாடைக்காற்று இதமாக இருந்தது. எமிலி முன்னால் வந்துகொண்டிருந்தது. கடைசி மிதவையைத் தாண்டிவிட்டது, இனி நேராகக் கோட்டுக்கு வர வேண்டியதுதான். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் காட்ரைட்டு துரை சுக்கானை விட்டுவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் தீக்குச்சியை மறைத்துப் பைப்பைப் பற்ற வைத்தார். சுக்கான் பிடி ஆடியது. கயித்தான் யோசிக்கவே இல்லை. இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று மூச்சு நேரம். துரை நிமிர்ந்ததும் விட்டுவிட்டான். எமிலி முதலில் வந்தது. நான் பீரங்கி சுட்டேன். புல்தரையில் எல்லோரும் கை தட்டினார்கள்.

இறங்கி வந்தேன். 'லேயோன், சொல்ல ஏதாவது உண்டா?'

ஒன்றும் இல்லை சார் என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் அதைத்தானே நினைக்கிறீர்கள்? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வேறு யாரும் பார்க்கவில்லைதான். ஆனால் நான் பார்த்தேனே தம்பி. தம்பி என்பதற்காக மறைத்தான் என்று நாளைக்கு ஒருவன் சொன்னால்? சொல்லிவிட்டேன். கோப்பை இரண்டாவதாக வந்த படகுக்குப் போயிற்று. காட்ரைட்டு துரை முகம் இறால் மாதிரிச் சிவந்தது. பெல்லாமி துரை என்ன செய்தார் தெரியுமா? அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். 'சொந்தத் தம்பி என்றும் பாராமல் சொன்னான், இவன் ஜென்டில்மேன்' என்றார். வலது கை. இந்தக் கை.

அன்றைக்கே கயித்தானை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்தான். சத்தம் போடவில்லை.

"ஏன்ணே சொன்ன?"

"பாத்தேன், சொன்னேன்."

"கடலும் நீயும்தானே பாத்தீங்க. கடலு ஒண்ணும் சொல்லலையே."

மெட்டில்டா உள்ளே இருந்து வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். "விடும் மச்சான், நல்லதுதான். அவரு வள்ளத்துக்கே போகட்டும்" என்றாள். கயித்தானும் சிரித்தபடி, "ஆமாண்ணே, நம்ம வள்ளத்துல சுக்கானைத் தொட்டா ஒருத்தனும் அடிக்க வரமாட்டான்" என்றான்.

அப்படியே விட்டிருக்கலாமோ என்று நீங்கள் கேட்கலாம். எப்படி விடுவது? சேர்த்துவிட்டவன் நான். என் தம்பி விதியை மீறித் துரத்தப்பட்டான் என்ற பேரோடு நான் தினமும் அந்த இருபத்திரண்டு படி ஏறுவதா? இரண்டு நாள் அவனோடு மல்லுக்கட்டினேன். பிறக்கப் போகிற பிள்ளையைச் சொன்னேன். அம்மாவைச் சொன்னேன். கடைசியில் சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே காட்ரைட்டு பங்களாவுக்குக் கூட்டிப் போனேன். வீட்டுச் சுவரிலிருந்த மாதா படத்தை மெட்டில்டாவே கழற்றி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். துரை பைஜாமாவோடு வராந்தாவில் நின்றார். அவருக்குக் கோபமே போய்விட்டிருந்தது. கயித்தான் இல்லாமல் அந்த ஒரு வாரம் படகை மிதவையில் கட்டக்கூட ஆள் சரியில்லை. 'மன்னிப்புக் கேட்டால் போதும், திங்கள்கிழமை வரட்டும்' என்றார். நான்தான் விடவில்லை. இல்லை துரை, சத்தியம் செய்வான் என்றேன். படத்தின் மேல் அவன் கையை எடுத்து வைத்தேன். வாசகம் நான் சொல்லச் சொல்ல அவன் சொன்னான். 'என்ன வந்தாலும் சுக்கானைத் தொட மாட்டேன்.' 'என்ன வந்தாலும்' என்றது நான் சேர்த்தது. துரை கேட்கவில்லை. ஆனால் அது இருந்தால்தானே சத்தியத்துக்கு ஒரு கனம்? துரை சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது கயித்தான் படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டான், "என்ன வந்தாலுமாண்ணே?" "ஆமா. என்ன வந்தாலும்."

தண்ணீர் குடிக்கிறீர்களா? வெயில் ஏறிவிட்டது. இதோ அந்தப் பானைதான். எனக்கும் ஒரு தம்ளர்.

புதுவருஷப் பந்தயம். ஜனவரி ஒன்றாம் தேதி. வருஷத்தின் பெரிய கோப்பை. பந்தயத்துக்குப் போகாத மெம்பர்களுக்கெல்லாம் கிளப்பில் விருந்து. பகல் பன்னிரண்டுக்குப் பீரங்கி சுட்டேன். ஏழு படகு. ஒரு மணி வரைக்கும் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி இருந்தது. பிறகு வடகிழக்கே ஒரு கறுப்பு எழுந்தது. நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற கறுப்புதான். வள்ளமாக இருந்தால் பாயை இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். துரைமார் காத்திருப்பார்களா? கோப்பை இருக்கிறதே.

காற்று ஒரே அடியாக விழுந்தது. ஐந்து படகு எப்படியோ பாயைச் சுருட்டித் துறைமுகத்துக்குள் வந்துவிட்டது. ஒன்று கவிழ்ந்தது, கிட்டத்திலேயே. ஆட்களைத் தூக்கிவிட்டார்கள். எமிலிதான் தூரத்தில். காற்று அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற தீவுப் பக்கம் போகிறது. தீவுக்கு வடக்கே தண்ணீருக்குள் ஒரு பாறைத் திட்டு. பார் என்போம் நாங்கள். அதில் அலை வெள்ளையாக உடைவது எனக்கு மேடையிலிருந்தே தெரிகிறது.

பந்தயத்தை ரத்து செய்கிற கொடி ஒன்று உண்டு. அதை ஏற்றினால் துறைமுக மோட்டார் லாஞ்ச் காப்பாற்ற உடனே புறப்படும். ஆனால் செக்ரட்டரி உத்தரவு இல்லாமல் நான் அந்தக் கொடியைத் தொடக்கூடாது. விருந்தில் இருந்த பெல்லாமி துரைக்குச் சீட்டு எழுதிக் காவல்காரனிடம் கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை. எப்படிப் போவேன்? எனக்குப் பார்க்கத்தான் சம்பளம். அவன் பின்வாசலில் செருப்பை அவிழ்த்து, பட்லரிடம் கொடுத்து, பட்லர் அதை வெள்ளித் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனபோது உள்ளே எல்லோரும் எழுந்து நின்று ராஜாவுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் யாரும் யார் பக்கத்திலும் போகக்கூடாது. பட்லர் தட்டோடு சுவரோரம் நின்றார். அவர் மேலும் தப்பு இல்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காட்ரைட்டு துரை சுக்கானை விட்டுவிட்டார். தம்பி, இதைக் கவனமாகக் கேளுங்க. விட்டுவிட்டு முழங்காலில் உட்கார்ந்து, தண்ணீரில் மிதக்க வைக்கிற தக்கைச் சட்டையை மாட்ட ஆரம்பித்தார். படகில் ஒரே ஒரு தக்கைச் சட்டைதான். வாரைக் கட்டத் தெரியவில்லை. சுக்கான் பிடி யாரும் பிடிக்காமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடித்துக்கொள்கிறது. கயித்தான் அதற்குப் பக்கத்தில். ஒரு கை எட்டுகிற தூரம். ஒரு முழம், ஒரே ஒரு முழம் தள்ளினால் எமிலி பாரை விட்டு விலகித் தீவுக்குப் பின்னால் காற்று படாத நிழல் தண்ணீருக்குள் போய்விடும். பன்னிரண்டு வயதிலேயே அவன் செய்த வேலை.

அவன் திரும்பிக் கொடிமேடையைப் பார்த்தான். அவ்வளவு தூரத்திலிருந்து நான் தெரிய மாட்டேன். மேடை தெரியும். நேராக என் கண்ணாடிக்குள் பார்த்தான். பார்த்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். இதோ, இப்படி. விரலை விரித்து. தூக்கியபடியே நின்றான்.

பிறகு எமிலி பாரில் மோதியது. படகு நடுவில் ஒடிந்தது. பாய்மரம் சாய்ந்து பாய் அவன் மேல் விழுந்து மூடியது. கடலில் பிறந்தவன்தான், நீச்சல் தெரியாதவன் இல்லை. ஆனால் நனைந்த பாய்க்கு அடியில் எந்த நீச்சலும் செல்லாது. காட்ரைட்டு துரை தக்கைச் சட்டையோடு மிதந்தார். பிழைத்தார். கயித்தானை மூன்றாம் நாள் தெற்கே உப்பளம் பக்கம் கரையில் எடுத்தோம். முகத்தை நண்டு தின்றிருந்தது. கையை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன்.

விசாரணை கிளப்பிலேயே நடந்தது. அன்றைக்கு ஒரு நாள் என்னை முன்வாசல் வழியாக விட்டார்கள். பெரிய ஹாலில் ஐந்து பேர். காட்ரைட்டு துரை கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கூலியாள் பயந்துபோய் சுக்கானைப் பிடுங்கிப் பாரில் ஏற்றிவிட்டான் என்று அவர் சொல்லி முடித்திருந்தார். பெல்லாமி துரை என்னைப் பார்த்தார். 'லேயோன், சொல்ல ஏதாவது உண்டா?'

உண்டு சார் என்றேன். அவன் தொடவில்லை என்றேன். இரண்டு கையையும் தூக்கி நின்றான், கடைசி வரை தூக்கி நின்றான், விதியைக் காப்பாற்றினான் என்றேன். ஒரு துரை சொன்னதற்கு எதிராக, அந்தக் காலத்தில், அந்த ஹாலில் சொன்னேன் தம்பி. எவன் சொல்லுவான்?

பெல்லாமி துரை இந்தப் புத்தகத்தை, ஆமாம் இதைத்தான், எடுத்துப் புரட்டினார். ஏழாம் பக்கம் வந்தது. பிறகு அந்தத் தாளைத் திருப்பினார். எட்டாம் பக்கத்தின் தலையில் இரண்டு வரி. அதை வாசித்தார். எனக்குப் புரியாது என்று நினைத்து ஹெட்கிளார்க் வேதமுத்துவைத் தமிழில் சொல்லச் சொன்னார். வேதமுத்து சொன்னார், 'உசுருக்கு ஆபத்துன்னா கூலியாளே சுக்கானைப் பிடிக்கலாமாம் லேயோன். பிடிச்சாலும் பந்தயம் செல்லுமாம்.'

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்.

எனக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க? எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஏழாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். பக்கத்தின் கடைசி வரியில் முற்றுப்புள்ளி வேறு இருக்கிறது, பாருங்க. முற்றுப்புள்ளியைப் பார்த்த பிறகு யார் தாளைத் திருப்புவார்கள்? பெல்லாமி துரை புத்தகத்தை மூடிவிட்டு, 'பாவம்' என்று ஒரு சொல் சொன்னார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. அந்த வருஷம் அவர் ஊருக்குப் போகும்போது தூரக்கண்ணாடியை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். பெட்டிக்குள் இருக்கிறது. வேண்டுமானால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்க.

மெட்டில்டா கேட்டாள். பத்தாம் நாளோ என்னவோ. சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடியே கேட்டாள். "மச்சான், தொட்டிருந்தா பொழைச்சிருப்பாரா?"

நான் பொய் சொல்லுகிறவன் இல்லையே. "பொழைச்சிருப்பான்" என்றேன்.

"சட்டம் தொடக்கூடாதுன்னுதான் இருக்கா?"

"ஆமா. தொடக்கூடாதுன்னுதான் இருக்கு."

"அப்போ அந்தச் சட்டந்தான் அவரைக் கொன்னுது."

"ஆமா மெட்டில்டா. சட்டந்தான்."

இதில் பொய் எங்கே இருக்கிறது? ஏழாம் பக்கத்தில் அப்படித்தானே இருக்கிறது? அவள் துரைமாரைச் சபித்தாள். அன்றைக்குச் சபிக்க ஆரம்பித்தவள், அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் நிறுத்தவில்லை. என்னை ஒரு சொல் சொன்னதில்லை. நான் கலியாணம் கட்டவில்லை. அவள் பிள்ளையை நான் படிக்க வைத்தேன். இந்த வாசலுக்கு எதிர்வாசல்தான் அவள் வீடு. எழுபத்திரண்டு வயதாகிறது, இன்றைக்கும் என் மதியச் சாப்பாடு அவள் கையால்தான். மீனில் முள் எடுத்துக் கொண்டு வருவாள், எனக்கு முள் கண்ணுக்குத் தெரியாது என்று. 'நீரு ஒருத்தர்தான மச்சான் அவருக்காகச் சாட்சி சொன்னீரு' என்பாள். மாதத்தில் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

இங்கிலீஷ் தெரியாது அவளுக்கு. தமிழ் நன்றாகப் படிப்பாள். ஜெபப் புத்தகம் முழுக்க மனப்பாடம். மலர் வந்தால் முதல் பக்கத்திலிருந்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள், கயித்தான் பேர் எங்கே என்று தேடித் தேடிப் படிப்பாள். எல்லாத் தாளையும் திருப்புவாள். அவள் என்னை மாதிரி இல்லை.

வேதமுத்து செத்தாகிவிட்டது. பட்லர், காவல்காரன், ஐந்து துரைமார், எல்லோரும் போய்விட்டார்கள்.

புத்தகமா? தருகிறேன், தருகிறேன். ஏன் அவசரப்படுகிறீர்கள்? ஏழாம் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன். கை கொஞ்சம் நடுங்கும் எனக்கு. பழைய தாள் பாருங்க, அப்பளம் மாதிரி...

அடடா.

தொட்டதுதான் தெரியும். கையோடு வந்துவிட்டது. பிடித்து இழுக்கவெல்லாம் இல்லை தம்பி, வயசான கை, வயசான தாள். ஏழும் எட்டும் ஒரே தாள் இல்லையா, இரண்டும் சேர்ந்து வந்துவிட்டது. ஏழு போனால் பரவாயில்லை, அது எனக்கு மனப்பாடம், நீங்கள் எழுதிக்கொள்ள நான் சொல்லுகிறேன். இந்தத் தாள் இங்கேயே கிடக்கட்டும். இந்தாங்க புத்தகம். அந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள். சுக்கானில் கை படவில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அதோ கதவு சத்தம். மெட்டில்டாதான், தூக்குவாளியோடு வருகிறாள்... வா மெட்டில்டா, வா. ஒண்ணுமில்ல, கிளப்புலருந்து தம்பி வந்திருக்காரு. ஆமா, கயித்தானைப் பத்தித்தான். எல்லாம் சொல்லிட்டேன். மலர்ல போடுதாங்களாம். நீ சோத்தை உள்ள வையி, இந்தா வாரேன்.

தம்பி, மெதுவாகப் பேசுங்க, அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். பார்த்தீர்கள்தான், பார்க்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்த்ததையெல்லாம் போய்ச் சொல்லியாக வேண்டும் என்று என்ன இருக்கிறது?